ஊமைப்படம் பார்க்கப் பழகலாம்

போன மாசி மாதம், சம்பா அறுவடை முடிந்து களமெல்லாம் காலியாகக் கிடந்த ஒரு ராத்திரி, எங்கள் வீட்டு வாசலில் வெள்ளை வேட்டி ஒன்றை இழுத்துக் கட்டி, இரவல் வாங்கிய புரொஜெக்டரில் தெருப் பிள்ளைகளுக்கு ஒரு படம் போட்டேன். 1919-இல் தாதாசாகேப் பால்கே எடுத்த ‘காளிய மர்தன்’. ஊத்துக்காடு எங்களுக்குப் பக்கத்து ஊர். அங்கே பாம்பின் தலையில் ஆடும் கண்ணனைக் கும்பிட்டு வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். தெரிந்த கதை என்பதால் படத்தோடு ஒட்டிக்கொள்வார்கள் என்று நம்பினேன்.

படம் ஓடி இரண்டு நிமிடம் ஆகவில்லை. “சத்தம் வர்ல சித்தப்பா, வயரு புடுங்கிக்கிச்சா?” என்றான் பக்கத்து வீட்டுப் பையன். இந்தப் படத்தில் சத்தமே கிடையாது என்றதும் இரண்டு பேர் எழுந்து போய்விட்டார்கள்.

மிச்சப் பிள்ளைகளை உட்காரவைத்தது என் அப்பாயி. திண்ணையில் சாய்ந்தபடியே அவர் பாட்டுக்குப் பேச ஆரம்பித்தார். “இரு இரு, இப்ப மரத்துல ஏறுவான் பாரு. ஏறிட்டானா? குதிக்கப் போறான். அந்தா, ஆத்தாக்காரி ஓடியாறா பாரு, வயித்துல அடிச்சுக்கிட்டு.” திரையில் இடையிடையே வந்த எழுத்துகளை அவர் படிக்கவில்லை. அது தமிழும் இல்லை, அவருக்குப் படிக்கவும் தெரியாது. முகத்தையும் கையையும் பார்த்தே கதையைச் சொல்லிக்கொண்டு போனார். கண்ணன் பாம்பின் தலைமேல் எழுந்து வந்தபோது எழுந்து போன இரண்டு பேரும் திரும்பி வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

அன்றைக்கு அப்பாயி செய்த வேலைக்கு, நூறு வருடத்துக்கு முன்னால் கொட்டகைகளில் ஆள் வைத்திருந்தார்கள். திரைக்குப் பக்கத்தில் நின்று, நடப்பதை உரக்க விளக்கிச் சொல்லும் ஆள். எழுத்து வந்தால் படித்துச் சொல்வார். சண்டை வந்தால் குரலை உயர்த்துவார். ஜப்பானில் இந்த வேலை செய்தவர்களுக்கு ‘பென்ஷி’ என்று பெயர். நடிகர்களைவிட அவர்களுக்காகவே கூட்டம் வந்த காலமும் உண்டு. நம் ஊருக்குக் கதாகாலட்சேபம் புதிதில்லையே. ஒருவர் சொல்ல, ஊரே கேட்கும் பழக்கத்தின் பக்கத்தில் ஒரு வெள்ளைத் திரை வந்து நின்றது, அவ்வளவுதான்.

ஊமைப்படத்தை இதுவரை பார்க்காதவர்களுக்காக இதை எழுதுகிறேன். பார்க்க முயன்று, ஐந்தாவது நிமிடத்தில் பொறுமை போய் நிறுத்தியவர்களுக்காகவும்.

முதலில் கால வரம்பு. பாரிஸில் 1895 டிசம்பர் 28 அன்று லூமியர் சகோதரர்கள் கட்டணம் வாங்கிப் படம் காட்டியதிலிருந்து, 1920களின் முடிவில் படங்கள் பேசத் தொடங்கியது வரை, முப்பது முப்பத்தைந்து வருடம் ஊமைப்படங்களின் காலம். சலனப்படம், மௌனப்படம் என்றும் சொல்வார்கள். இந்தியாவில் முதல் முழுநீளக் கதைப்படம் பால்கேயின் ‘ராஜா ஹரிச்சந்திரா’, 1913. முதல் பேசும் படம் ‘ஆலம் ஆரா’, 1931 மார்ச் 14. பேசும் படம் வந்த பிறகும் சில வருடம் ஊமைப்படம் எடுத்தார்கள். எல்லாம் சேர்த்து இந்தியாவில் எடுக்கப்பட்ட ஊமைப்படங்கள் 1,300க்கும் மேல்.

அவற்றில் தமிழ்நாட்டுக்கும் பங்கு உண்டு. சென்னையில் மோட்டார் கார் வியாபாரம் செய்துவந்த ஆர். நடராஜ முதலியார் 1910களின் பிற்பகுதியில் ‘கீசக வதம்’ எடுத்தார். அதற்கும் முன்னால் நம் காவிரிக் கரையில் ஒரு தொடக்கம் இருக்கிறது. திருச்சியில் ரயில்வேயில் வரைபடக்காரராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியையும் சில படச்சுருள்களையும் விலைக்கு வாங்கி, வேலையை விட்டுவிட்டு, ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டக் கிளம்பினார். அவர்தான் பிறகு 1914-இல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் என்ற நிரந்தரக் கொட்டகையைக் கட்டினார். என் அப்பா சொல்லும் டூரிங் கொட்டகை, மணலைக் குவித்து உட்கார்ந்து பார்த்த கதைக்கெல்லாம் அந்தக் கூடாரம்தான் தாத்தா.

அட்டை ஒரு வரி, முகம் ஒன்பது வரி

ஊமைப்படத்தைப் பார்க்கும்போது நாம் செய்யும் பெரிய தப்பு ஒன்று இருக்கிறது. அதை, சத்தம் போய்விட்ட பேசும் படமாக நினைத்துப் பார்க்கிறோம். உதடு அசைகிறது, என்ன சொல்கிறார் என்று காது தேடுகிறது, கிடைக்கவில்லை என்றதும் சலிப்பு வருகிறது. இப்படிப் பார்த்தால் எந்தப் படமும் ஒப்பேறாது.

இதற்கு வேறொரு பார்வை வேண்டும். அது தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர்களுக்குப் புதிதும் அல்ல. சதிர்க் கச்சேரியில், அதாவது இன்று பரதநாட்டியம் என்கிறோமே அதில், ஒரு பதம் ஆடுவதை யோசித்துப் பாருங்கள். ‘ஏன் வரவில்லை?’ என்ற பொருளில் ஒரே ஒரு வரி. பாடுபவர் அதையே திரும்பத் திரும்பப் பாடுவார். ஆடுபவர் ஒவ்வொரு தடவையும் அதற்கு வேறொரு பொருள் காட்டுவார். முதல் தடவை வாசலைப் பார்ப்பார். அடுத்து, வைத்த பூ வாடியதைப் பார்ப்பார். அடுத்து, வேறு யார் வீட்டிலோ இருக்கிறான் என்று சந்தேகம். பிறகு கோபம், அப்புறம் தன்மேலேயே இரக்கம். சஞ்சாரி என்று இதற்குப் பெயர். வரி ஒன்றுதான்; அதை விரிப்பது முகமும் கையும். பந்தநல்லூரிலும் தஞ்சாவூரிலும் தலைமுறை தலைமுறையாக வளர்த்த கலை இது.

ஊமைப்படத்தில் இடையிடையே வரும் எழுத்து அட்டை அந்த ஒரு வரிதான். ‘அவள் காத்திருந்தாள்’ என்று அட்டை சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். எப்படிக் காத்திருந்தாள், எத்தனை விதமாகக் காத்திருந்தாள் என்பதை அடுத்த இரண்டு நிமிடம் நடிகையின் கண்ணும், தோளும், சன்னல் கம்பியைப் பிடித்த விரலும் சொல்லும். ஆகவே அட்டை வந்ததும் அவசரமாகப் படித்து, ‘சரி, புரிந்துவிட்டது’ என்று கண்ணைத் திருப்பிக்கொள்ளாதீர்கள். விஷயம் அட்டைக்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது.

பால்கேக்கே இது தெரிந்திருந்தது. ‘காளிய மர்தன்’ படத்தில் கண்ணனாக நடித்தவள் அவருடைய சின்ன மகள் மந்தாகினி. கதை ஆரம்பிக்கும் முன்பே அந்தச் சிறுமியின் முகத்தை மட்டும் திரை நிறையக் காட்டுகிறார். சிரிப்பு, கோபம், பயம் என்று ஒவ்வொரு பாவமாக அவள் மாற்றிக் காட்டுகிறாள். அதன் பிறகே கண்ணனாகிறாள். இந்த இடத்தில் அப்பாயி, “அலாரிப்பு மாதிரி இருக்கே” என்றார். முழுசாகப் பொருந்தாது என்றாலும், ஆட்டத்துக்கு முன் உடம்பைப் பதப்படுத்திக் காட்டுவது என்ற அளவில் அவர் சொன்னது சரிதான்.

முகம் மட்டும்தான் என்று நினைத்துவிடக் கூடாது. படத்தை வெட்டி ஒட்டுவதிலும் பேச்சு இருக்கிறது. அதே படத்தில் தண்ணீருக்கு அடியில் கண்ணனும் பாம்பும் போராடுவதை ஒரு காட்சியாகவும், கரையில் நிற்பவர்களின் தவிப்பை இன்னொரு காட்சியாகவும் மாற்றி மாற்றிக் காட்டுகிறார். கரையில் நிற்பவர்களுக்கு உள்ளே நடப்பது தெரியாது, நமக்குத் தெரியும். இந்த வித்தியாசத்தில்தான் நம் நெஞ்சு படபடக்கிறது. ஒரு வார்த்தைகூடத் தேவைப்படவில்லை.

சத்தமே இல்லாமல் ஒரு சத்தத்தைக் காட்ட முடியுமா? சார்லி சாப்ளினின் ‘சிட்டி லைட்ஸ்’ படத்தில் இதற்கு விடை இருக்கிறது. கண் தெரியாத பூக்காரப் பெண், கந்தல் கோட்டுக்காரனான நாயகனைப் பணக்காரன் என்று நினைக்க வேண்டும். அதை வைத்துத்தான் முழுக் கதையும். அவளுக்கோ கண் இல்லை, படத்துக்கோ பேச்சு இல்லை. எப்படிச் சொல்வது? சாப்ளின் இந்த ஒரு காட்சியை முன்னூறு தடவைக்கும் மேல் எடுத்துப் பார்த்தார் என்பார்கள். கடைசியில் கிடைத்த வழி இது: போலீஸ்காரரிடமிருந்து நழுவ, தெருவில் நிற்கும் ஒரு பெரிய காருக்குள் ஒரு பக்கம் ஏறி, மறுபக்கம் இறங்கிக் கதவைச் சாத்துகிறான். அந்தப் பெண் தலையைத் திருப்புகிறாள். அவ்வளவுதான். கார்க் கதவு சாத்தும் சத்தத்தை அவள் கேட்டாள் என்று அந்தத் தலை திரும்பலில் நாம் பார்க்கிறோம். காரிலிருந்து இறங்குபவன் பணக்காரனாகத்தானே இருப்பான்? நான் இந்த இடத்தை எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. ஒவ்வொரு தடவையும் அந்தக் கதவுச் சத்தம் என் காதில் விழுகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். ‘சிட்டி லைட்ஸ்’ வந்தது 1931-இல். அப்போது அமெரிக்காவில் ஏறக்குறைய எல்லாப் படமும் பேச ஆரம்பித்துவிட்டது. சாப்ளின் இசையையும் சில ஓசைகளையும் மட்டும் சேர்த்துக்கொண்டு, பேச்சை வேண்டாம் என்று ஒதுக்கினார். வசதி இல்லாததால் அல்ல, தேவை இல்லை என்பதால்.

ஏன் எல்லாரும் ஓடுகிறார்கள்?

பிள்ளைகள் கேட்கும் இரண்டாவது கேள்வி இதுதான். பழைய படத்தில் ஆட்கள் எல்லாரும் ஏன் படபடவென்று பொம்மை மாதிரி நடக்கிறார்கள்?

அவர்கள் அப்படி நடக்கவில்லை. நாம் அப்படி ஓட்டுகிறோம். அன்றைய கேமராவைக் கையால் சுற்றினார்கள். ஒரு வினாடிக்குப் பதினாறு, பதினெட்டு படம் என்ற அளவில் பதிவாகும். கொட்டகையிலும் ஓட்டுகிறவர் அதே மாதிரி, காட்சிக்குத் தகுந்தபடி வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஓட்டுவார். பேசும் படம் வந்த பிறகு வேகம் வினாடிக்கு 24 படம் என்று நிலைத்துவிட்டது. பதினாறில் எடுத்ததை இருபத்துநாலில் ஓட்டினால் ஒன்றரை மடங்கு வேகம். சோகமாக நடந்து வருகிறவர்கூட ஓடி வருவதுபோல் ஆகிவிடும். அழுகையும் சிரிப்பாகிவிடும். பல பேர் ஊமைப்படம் என்றாலே கோமாளித்தனம் என்று நினைப்பதற்கு இந்தத் தவறான வேகம் ஒரு முக்கியக் காரணம். யூடியூபில் பார்க்கும்போது நடை இயல்பாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அமைப்பில் வேகத்தை 0.75 என்று குறைத்துப் பாருங்கள். முகங்களுக்கு உயிர் வரும்.

அடுத்தது இசை. ஊமைப்படக் கொட்டகை ஒருநாளும் ஊமையாக இருந்ததில்லை. பெரிய ஊர்களில் பியானோ, வயலின், ஒரு முழு வாத்தியக் குழுகூட இருந்தது. நம் பக்கத்தில் ஆர்மோனியமும் தபேலாவும். வாசிப்பவர் திரையைப் பார்த்துக்கொண்டே வாசிப்பார். துரத்தல் என்றால் தாளம் விரையும். பிரிவு என்றால் ஆர்மோனியம் இழையும்.

இது எப்படி வரும் என்று வெளியூர்க்காரர் கேட்கலாம். நாகசுரம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. சாமி புறப்பாட்டில் முன்னால் போகிற நாகசுரக்காரர் காகிதத்தைப் பார்த்தா வாசிக்கிறார்? சாமி எழுந்தருளும்போது கம்பீர நாட்டையில் மல்லாரி. வீதி திரும்பி நின்றதும் ராக ஆலாபனை. திரும்பிக் கோயிலுக்குள் வரும்போது வேறொன்று. நடப்பதைப் பார்த்து, அதற்கு எது சேரும் என்று அந்த நேரத்தில் தீர்மானித்து வாசிக்கும் கலை. கொட்டகைக்காரரும் அதையேதான் செய்தார். இன்று நாம் பார்க்கும் பல பிரதிகளில் எங்கோ கிடைத்த பியானோ இசையைப் படத்துக்குச் சம்பந்தமில்லாமல் ஒட்டியிருக்கிறார்கள். அது எரிச்சலூட்டினால் தயங்காமல் சத்தத்தை அணைத்துவிடுங்கள். முற்றிலும் மௌனமாக ஒரு தடவை பார்ப்பது கண்ணுக்கு நல்ல பயிற்சி.

சத்தம் எங்கிருந்து வந்தது

1927 அக்டோபர் 6 அன்று நியூயார்க்கில் ‘தி ஜாஸ் சிங்கர்’ வெளியானது. முதல் பேசும் படம் என்று பள்ளிக்கூடத்து வினாடி வினாவில் வரும் பெயர். உண்மையில் அதன் பெரும்பகுதி ஊமைப்படம்தான். எழுத்து அட்டைகள் எல்லாம் உண்டு. நாயகன் ஆல் ஜோல்சன் பாடும் இடங்களிலும், சில வரிகள் பேசும் இடங்களிலும் மட்டும் குரல் கேட்கும்.

அந்தக் குரல் படச்சுருளில் இல்லை. தனியாக ஒரு இசைத்தட்டில் இருந்தது. பதினாறு அங்குல அகலத் தட்டு, நிமிடத்துக்கு 33⅓ சுற்று. ஒரு தட்டு ஏறக்குறைய பதினோரு நிமிடம் ஓடும். ஒரு சுருளும் அவ்வளவு நேரம்தான். இரண்டையும் ஒரே மோட்டாரில் இணைத்து, ஒரே நேரத்தில் தொடங்கிவிடுவார்கள். கோயில் திருவிழாவில் சவுண்டு சர்வீஸ்காரர் ரிக்கார்டு போட்டதைப் பார்த்த தலைமுறைக்கு இதன் சிக்கல் உடனே புரியும். முள் ஒரு பள்ளம் தாவினால் போச்சு, நாயகன் வாயில் நாயகி பேசுவார். படச்சுருள் அறுந்தால் இன்னும் மோசம். அறுந்த இடத்தில் எத்தனை படம் போயிற்றோ அத்தனை கறுப்புப் படத்தை எண்ணி ஒட்ட வேண்டும். இல்லாவிட்டால் அந்த இடத்திலிருந்து உதடும் குரலும் ஒட்டாது.

இதற்குத் தீர்வாக, சத்தத்தையே ஒளியாக மாற்றிப் படச்சுருளின் ஓரத்தில் பதிக்கும் முறை வந்தது. யோசனை அழகானது. ஒலி அலை ஏறி இறங்குவதற்கு ஏற்றபடி, சுருளின் ஓரத்தில் ஒரு மெல்லிய பட்டையில் கறுப்பும் வெளுப்பும் கூடிக் குறையும். அதன் வழியாக ஒரு சிறு விளக்கின் ஒளியைச் செலுத்தினால் மறுபக்கம் வரும் வெளிச்சமும் கூடிக் குறையும். அந்த மாற்றத்தை ஒரு ஒளி உணரி மின்சாரமாக்கும், ஒலிபெருக்கி அதைச் சத்தமாக்கும். படமும் சத்தமும் ஒரே சுருளில் இருப்பதால், அறுந்தாலும் ஒட்டினாலும் இரண்டும் சேர்ந்தே போகும்.

இதில் ஒரு நுணுக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. படம் ஒளியின் முன் ஒவ்வொன்றாக நின்று நின்று போக வேண்டும், வினாடிக்கு 24 தடவை. சத்தமோ ஓரிடத்திலும் நிற்காமல் ஒரே சீராக ஓட வேண்டும். நின்றால் குரல் விக்கும். நிற்கவும் வேண்டும், நிற்கவும் கூடாது. ஆகவே படம் காட்டும் இடமும் சத்தம் படிக்கும் இடமும் கருவிக்குள் தள்ளித் தள்ளி இருக்கின்றன. 35 மில்லிமீட்டர் சுருளில், ஒரு படத்துக்குரிய சத்தம் அந்தப் படத்துக்கு நேராக இருக்காது, ஏறக்குறைய இருபது படம் முன்னால் தள்ளிப் பதிந்திருக்கும். இடையில் சுருள் கொஞ்சம் தொய்வாக வளைந்து வந்து, திக்கித் திக்கி வந்த ஓட்டம் சீராகிவிடும். வேகம் கையால் சுற்றிய காலம்போல் ஏறி இறங்க முடியாது என்பதும் இதனால்தான். வேகம் மாறினால் சுருதி மாறும். கண் பொறுத்துக்கொள்ளும், காது பொறுக்காது.

சத்தம் வந்ததும் படம் என்ன ஆயிற்று? கொஞ்ச காலம் சிறைக்குள் போயிற்று. கேமரா ஓடும் கடகட சத்தம் மைக்கில் விழுந்தது. அதனால் கேமராவையும் அதை இயக்குகிறவரையும் சத்தம் வெளியே வராத ஒரு பெட்டிக்குள் அடைத்தார்கள். அதுவரை மரத்தில் ஏறி, வண்டியில் ஓடி, தொட்டிலில் ஆடிய கேமரா, ஒரே இடத்தில் நின்று பார்த்தது. நடிகர்கள் பூந்தொட்டிக்குள் மறைத்த மைக்கின் பக்கத்தில் கூடி நின்று பேசினார்கள். 1927-இல் வந்த, ஜெர்மன் இயக்குநர் முர்னாவின் ஊமைப்படமான ‘சன்ரைஸ்’ படத்தையும், இரண்டு வருடம் கழித்து வந்த சாதாரணப் பேசும் படம் எதையாவதும் அடுத்தடுத்துப் பாருங்கள். பின்னால் வந்ததுதான் பழசாகத் தெரியும்.

ரஷ்யாவில் ஐசென்ஸ்டைன், புதோவ்கின், அலெக்ஸாண்ட்ரோவ் என்ற இயக்குநர்கள் மூன்று பேரும் 1928-இல் இதைப் பற்றி ஓர் அறிக்கை எழுதினார்கள். திரையில் தெரிவதையே சத்தமும் சொன்னால் வெட்டி ஒட்டும் கலை செத்துவிடும். சத்தம் படத்தோடு மோத வேண்டும், எதிர்நிற்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். நம் வழியில் சொன்னால், பாடகர் பாடியதையே அப்படியே திருப்பி வாசிக்கிற பக்கவாத்தியம் எதற்கு? தவில்காரர் நாகசுரத்தின் பின்னாலேயே நடக்காமல், குறுக்கே ஒரு கணக்கைப் போட்டு வந்து சேர்ந்தால்தானே நமக்குச் சிலிர்க்கிறது? இதைச் செய்து காட்டியவர்களும் உடனே வந்தார்கள். ஹிட்ச்காக் 1929-இல் எடுத்த ‘பிளாக்மெயில்’ படத்தில், கத்தியால் ஒருவனைக் கொன்றுவிட்ட பெண் காலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருப்பாள். பக்கத்து வீட்டுக்காரி வம்பளப்பது மங்கலாகிக் கொண்டே போய், ‘கத்தி’ என்ற ஒரு சொல் மட்டும் திரும்பத் திரும்பத் தெளிவாக விழும். நாம் கேட்பது அவள் காதால்.

பேசும் படமா, பாடும் படமா

தமிழுக்கு வருவோம். எனக்கு இந்த விஷயத்தில் ஈடுபாடு வந்ததே இந்த இடத்தில்தான்.

1931 அக்டோபர் 31 அன்று சென்னையில் கினிமா சென்ட்ரல் கொட்டகையில் தமிழின் முதல் பேசும் படமான ‘காளிதாஸ்’ திரையிடப்பட்டது. இயக்கியவர் எச். எம். ரெட்டி. எடுத்தது பம்பாயில். படப்பெட்டி சென்ட்ரல் ரயில் நிலையத்தில் வந்து இறங்கியபோது பூத்தூவி, தேங்காய் உடைத்து ஊர்வலமாகக் கொண்டுபோனார்கள் என்று சொல்வார்கள். நாயகன் பி. ஜி. வெங்கடேசன் பேசியது தெலுங்கு. நாயகி பேசியது தமிழ். இருவரும் காதலர்கள். இன்று கேட்க விநோதமாக இருக்கலாம். ஆனால் அன்று போனவர்கள் வசனம் கேட்கப் போகவில்லை, நாயகி பாடுவதைக் கேட்கப் போனார்கள்.

அந்த நாயகி டி. பி. ராஜலட்சுமி. பிறந்த ஊர் திருவையாறு. குழந்தைத் திருமணத்தில் தள்ளப்பட்டு, அதிலிருந்து மீண்டு, நாடக மேடைக்கு வந்து, ஊமைப்படங்களிலும் நடித்தவர். ‘காளிதாஸ்’ படத்தில் மதுரகவி பாஸ்கரதாஸ் எழுதிய பாட்டுகளைப் பாடினார். காந்தியின் கைராட்டினத்தைப் பற்றிய பாட்டும் அதில் உண்டு. கதைக்கும் ராட்டினத்துக்கும் சம்பந்தமே இல்லை, காலத்துக்குச் சம்பந்தம் இருந்தது. கூடவே தியாகராஜரின் கீர்த்தனைகளையும் பாடினார். தியாகையர் வாழ்ந்து, சமாதியான ஊரில் பிறந்த பெண்ணின் குரலில், அவருடைய கீர்த்தனை தமிழ் சினிமாவின் முதல் குரலாகக் கேட்டிருக்கிறது. திருவையாற்றில் ஆராதனை நாட்களில் காவிரிப் படித்துறையில் நிற்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும். இதே ராஜலட்சுமி 1936-இல் ‘மிஸ் கமலா’ படத்தைத் தானே இயக்கினார்.

ஆக, தமிழில் சத்தம் வந்தபோது முதலில் வந்தது பேச்சு இல்லை, பாட்டு. இதுதான் ஹாலிவுட்டுக்கும் நமக்கும் உள்ள பெரிய வித்தியாசம் என்பது என் எண்ணம். ஊமைப்படத்தில் ஒரு வரியை முகத்தால் விரித்தார்கள் என்றேன் அல்லவா? பேசும் படம் வந்ததும் முகத்தின் கையிலிருந்த அந்த விரிப்பைக் குரல் வாங்கிக்கொண்டது. நாயகன் அசையாமல் நிற்பார், கேமராவும் அசையாது, குரல் மட்டும் ஒரு வரியை எடுத்து, அதையே பல விதமாக விரித்துப் பாடி நிரவல் செய்யும். பார்க்கிற சஞ்சாரி போய்க் கேட்கிற சஞ்சாரி வந்தது.

அதற்கு ஆள் எங்கே கிடைத்தார்கள் என்று பாருங்கள். மாயவரத்தில் பிறந்த எம். கே. தியாகராஜ பாகவதர். அவருடைய முதல் படம் ‘பவளக்கொடி’, 1934, ஐம்பது பாட்டுகள். அதை இயக்கிய கே. சுப்பிரமணியம் பாபநாசத்துக்காரர். நாகப்பட்டினம் பக்கம் போலகத்தில் பிறந்து, பாட்டால் தமிழ்நாட்டையே ஆண்ட பாபநாசம் சிவன். 1940-இல் ‘காளமேகம்’ படத்துக்கு நாயகனாக நடிகரைத் தேடவில்லை, திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையைக் கூப்பிட்டார்கள். நாகசுரச் சக்கரவர்த்தி. இயக்கியவர் எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர். பாடத் தெரியாதவருக்கு நாயகன் வேடம் கிடைக்காத காலம் அது. பின்னணிக் குரல் என்ற ஏற்பாடே தமிழில் 1938-இல் ஏவி. மெய்யப்பச் செட்டியாரின் ‘நந்தகுமார்’ படத்தில்தான் வந்தது. அதுவரை நடிக்கும்போதே பாட வேண்டும். சென்னையில் வெயில் வெளிச்சத்தில் திறந்தவெளியில் படம் பிடித்த நாட்களில், பாட்டுக்கு நடுவே காக்கை கத்தினால் எல்லாம் வீண், முதலிலிருந்து பாட வேண்டும். காக்கை விரட்டவே ஆள் வைத்திருந்தார்கள்.

சென்னையில் முதன்முதலாகச் சத்தப் பதிவோடு ஸ்டூடியோ கட்டியவர் ஏ. நாராயணன், 1934-இல். அவர் ஊமைப்படங்கள் பல எடுத்துத் தேர்ந்தவர். அங்கே ஒலிப்பதிவு செய்தவர் அவருடைய மனைவி மீனாட்சி. அந்தக் காலத்தில் ஒரு பெண் ஒலிப்பதிவாளர் என்பதை நம் பெண்பிள்ளைகளுக்குச் சொல்லித் தர வேண்டும்.

வரவைச் சொன்னேன், இழப்பையும் சொல்ல வேண்டும். கொட்டகையில் ஆர்மோனியம் வாசித்தவருக்கும், கதை சொன்னவருக்கும் வேலை போயிற்று. ஊமைப்படம் எந்த ஊருக்கும் போகும், அட்டையை மாற்றினால் போதும். பேசும் படம் மொழியின் எல்லையில் நின்றுவிட்டது. அதைவிடப் பெரிய இழப்பு, பழைய சுருள்கள் குப்பையானது. அன்றைய படச்சுருள் நைட்ரேட்டால் ஆனது, சுலபத்தில் தீப்பிடிக்கும். அதில் வெள்ளி இருந்ததால், வெள்ளிக்காக உருக்கியவர்களும் உண்டு. யாரும் பார்க்காத ஊமைப்படத்தைக் காப்பாற்றுவானேன் என்று விட்டுவிட்டார்கள். 1,300 படங்களில் இன்று மிஞ்சியவை, துண்டு துணுக்காக இருப்பவற்றையும் சேர்த்து, ஏறக்குறைய முப்பது. ‘கீசக வதம்’ இல்லை. ‘காளிதாஸ்’ இல்லை. ‘ஆலம் ஆரா’வும் இல்லை. தென்னாட்டு ஊமைப்படங்களில் ஏறக்குறைய முழுசாகத் தப்பிய ‘மார்த்தாண்ட வர்மா’ தப்பியதற்குக் காரணம் ஒரு வழக்கு. எந்த நாவலிலிருந்து அந்தப் படத்தை எடுத்தார்களோ அதன் உரிமை பற்றிய தகராறில் சுருளைப் பறிமுதல் செய்து வைத்தார்கள். திரையிடப்படாமல் கிடந்ததாலேயே தேயாமல் பிழைத்து, கடைசியில் புனேயில் உள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ராஜலட்சுமி ‘காளிதாஸ்’ படத்தில் பாடியதை இனி யாரும் கேட்க முடியாது என்பதை நினைத்தால் எனக்கு இன்னமும் மனசு ஆறுவதில்லை.

எங்கிருந்து ஆரம்பிப்பது

பெரிய படத்தில் ஆரம்பிக்காதீர்கள். பஸ்டர் கீட்டன், சாப்ளின் இருவருடைய இருபது நிமிடக் குறும்படங்களில் ஆரம்பியுங்கள். கீட்டன் முகத்தில் சிரிப்பே வராது, உடம்பு முழுக்கப் பேசும். ‘ஸ்டீம்போட் பில் ஜூனியர்’ படத்தில் புயலில் ஒரு வீட்டின் முகப்புச் சுவர் முழுசாக அவர்மேல் சாயும். சரியாகச் சன்னல் இருக்கும் இடத்தில் அவர் நிற்பதால் பிழைப்பார். அது தந்திரக் காட்சி இல்லை, நிஜச் சுவர், நிஜ மனிதர். பிறகு ‘காளிய மர்தன்’, முக்கால் மணி நேரம்தான். அதன் பிறகு ‘சிட்டி லைட்ஸ்’. கண் பழகிய பிறகு கார்ல் டிரையர் 1928-இல் எடுத்த ‘ஜோன் ஆஃப் ஆர்க்’. ஏறக்குறைய முழுப் படமும் முகங்கள்தான். அதை முதலிலேயே பார்த்தால் திகட்டிவிடும், கடைசியில் பார்த்தால் மறக்க முடியாது.

கைபேசியை வேறு அறையில் வைத்துவிட்டுப் பாருங்கள். பேசும் படத்தை ஒரு காதால் பின்தொடர முடியும், கறிகாய் நறுக்கிக்கொண்டே பார்க்கலாம். ஊமைப்படத்தில் கண்ணை எடுத்தால் கதை போய்விடும். சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கத்தில் கமல்ஹாசன் நடித்து 1987-இல் வந்த, ஒரு வார்த்தைகூடப் பேசாத படத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். தமிழில் அதற்கு ‘பேசும் படம்’ என்றே பெயர் வைத்தார்கள். அதை ரசித்தவருக்கு ஊமைப்படம் பார்க்கத் தெரியும், கொஞ்சம் பழக்கம்தான் பாக்கி.

இன்னொரு சின்னப் பயிற்சி. டிவியில் உங்களுக்கு மனப்பாடமான பழைய தமிழ்ப் படம் எது வந்தாலும், இரண்டு நிமிடம் சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். யார் நடிக்கிறார், யார் வசனத்தை மட்டும் ஒப்பிக்கிறார் என்று தெரிந்துவிடும்.

வாசலில் அடுத்த படம் எப்போது என்று பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். இந்தத் தடவை சாப்ளின். அப்பாயி கதை சொல்லச் சம்மதித்துவிட்டார். தவில் வாசிக்கும் தம்பி ஒருவரும் வருகிறேன் என்றிருக்கிறார். படத்தை முன்கூட்டியே பார்த்துக்கொள்கிறீர்களா என்று கேட்டேன். “வேணாங்க. புறப்பாட்டுக்கு முன்னாடி சாமி எங்க நிக்கும்னு யாரு கேட்டுட்டு வாசிக்கிறா? பாத்துக்கிட்டே வாசிச்சுக்கறேன்” என்றார்.